டவுன் ரஜாய் (வாத்தின் மென்தூவி அடைத்த மெத்தைப் போர்வை) தைக்க எந்த ஊசி, எந்த நூல்? தையல் வழியே தூவி வெளியே வருகிறது

பெரம்பூர் தையல்:
டொரண்டோவிலிருந்து வந்திருக்கும் அக்கா ஒரு பெரிய டவுன் ரஜாயைக் கொடுத்து, பிள்ளைகளுக்கு இரண்டு சின்ன ரஜாயாகத் தைத்துக் கேட்கிறார். உள்ளே இருப்பது பஞ்சு இல்லை, வாத்தின் மென்தூவி. ஓரத்தில் ஒரு சாண் தைத்துப் பார்த்தேன், 14ஆம் நம்பர் ஊசி, சாதாரண காட்டன் நூல். துணி நல்ல நெருக்கமான காட்டன்தான், ஆனாலும் தையல் போன வழியெல்லாம் வெள்ளையாக எட்டிப் பார்க்கிறது. என்னிடம் இருப்பது கறுப்பு மிதி மெஷின். நாளை பாரிமுனை போகிறேன், என்னவென்று கேட்டு வாங்குவது?

குரோம்பேட்டை மெக்கானிக்:
அக்கா, 14 என்றால் 90, அதாவது ஊசித் தடிமன் 0.9 மில்லிமீட்டர். இந்தத் துணிக்கு அது ரொம்பப் பெரிய ஓட்டை. 9ஆம் நம்பர் வாங்குங்கள், அது 0.65தான். எச்ஏ ஊசி என்று கேளுங்கள், தண்டு ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். பவர் மெஷின் ஊசியின் தண்டு முழு உருண்டை, அது உங்கள் மெஷினுக்குச் சேராது, அவசரத்தில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள், பார்த்து வாங்குங்கள். மைக்ரோடெக்ஸ் என்று கூர்முனை ஊசி கிடைத்தால் அதுவே முதல் தேர்வு.

அண்ணாநகர் பொட்டிக்:
டீ-ஷர்ட்டுக்குப் போடும் பால் பாயின்ட் ஊசி போடலாமே? இழையைக் குத்தாமல் விலக்கிக்கொண்டு போகும்.

குரோம்பேட்டை மெக்கானிக்:
பனியன் துணிக்குச் சரி மேடம். தூவி நழுவாமல் இருக்க நெய்த துணியில் இழை விலகவே இடம் கிடையாது. மொட்டை முனை துணியை இடித்துத் தள்ளும், தையல் சுருங்கும். தேய்ந்த பழைய ஊசியும் இதே வேலைதான் செய்யும், புது ஊசி போட்டே ஆரம்பியுங்கள்.

மயிலாப்பூர் குயில்ட்:
நூலையும் மாற்றத்தான் வேண்டும். 9ஆம் நம்பர் ஊசிக் காதில் தடித்த நூல் உரசி நார் நாராகப் பிரிந்து அறுந்துபோகும். 120 டிக்கெட் பாலியஸ்டர் நூல் (டிக்கெட் என்பது நூலின் மெல்லிசைச் சொல்லும் நம்பர்), மேலேயும் கீழே பாபினிலும் அதுவே. பொருந்துகிறதா என்று பார்க்க, ஊசியைக் கழற்றி ஒரு முழ நூலில் கோர்த்துச் சாய்வாகப் பிடியுங்கள், ஊசி தானாக வழுக்கி இறங்க வேண்டும். நின்றுவிட்டால் நூல் தடிமன் அதிகம்.

ஆனால் ஊசி, நூலைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. தூவி உள்ளே இருக்கும்போது அதன்மேல் தைக்காதீர்கள். ஊசி இறங்கி ஏறும்போதே தூவியைக் கவ்வி வெளியே இழுத்து வந்துவிடும், எவ்வளவு மெல்லிய ஊசியானாலும் சரி. வெறும் துணியில் முதலில் வரி வரியாக அறைகளைத் தைத்து, ஒரு பக்கம் திறந்து வைத்து, தூவியை அடைத்து, வாயை மட்டும் கடைசியில் மூடுங்கள். மூடும்போது தூவியைத் தள்ளிவிட்டு கிளிப் போடுங்கள், குண்டூசி வேண்டாம், அதுவும் ஓட்டைதான். தையல் நீளம் 3 மில்லிமீட்டர் வைக்கலாம், பொடித் தையல் போட்டால் ஓட்டைகள்தான் கூடும். ரஜாயைப் பிரிக்கும் இடத்தில் ஃபேனை நிறுத்திவிடுங்கள் அம்மா, வெக்கையாக இருந்தாலும் பரவாயில்லை. நம் ஊர் ஈரக்காற்றில் தூவி நிலைமின்சாரத்தால் கையில் ஒட்டுவது குறைவு, அது ஒரு நன்மை.

பெரம்பூர் தையல்:
9ஆம் நம்பரும் 120 நூலும் கிடைத்தன. வெறும் துணியில் தைத்தேன், தையல் அழகாக விழுகிறது. எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஏற்கெனவே 14இல் விழுந்த ஓட்டைகளை என்ன செய்வது? துணியை வீணாக்க மனசில்லை.

மயிலாப்பூர் குயில்ட்:
காட்டன் என்பதால் வழி இருக்கிறது. நூலைப் பிரித்துவிட்டு, அந்தக் கோட்டின்மேல் நகத்தால் நெடுக்கும் குறுக்கும் தேய்த்து, லேசாக ஈரம் தெளித்து இஸ்திரி போடுங்கள், இழைகள் பெரும்பாலும் கூடிவிடும். நைலானாக இருந்தால் ஓட்டை அப்படியே நின்றுவிடும். அப்புறமும் துளை தெரிந்தால் அந்தக் கோட்டிலேயே உங்கள் புது அறைத் தையல் வருகிற மாதிரி அளவெடுங்கள், அல்லது ஓரப் பட்டிக்குள் மடித்துவிடுங்கள்.