மறு: டார்க் ஃபிகர் ஆஃப் கிரைம் தமிழ்ல என்ன? - 'ஏடேறாக் குற்றம்'

எல்லாருக்கும் வணக்கம்,

'டார்க் ஃபிகர் ஆஃப் கிரைம்', அதாவது நடந்தும் போலீஸ் பதிவுல வராமலே போற குற்றங்கள், அதுக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்னு இங்க ஓடற பேச்சுல ரெண்டு நாளா எல்லா மடலையும் படிச்சேன், உக்காந்து எழுத இப்பதான் நேரம் கிடைச்சுது. ஐயா 'இருண்ட குற்ற எண்'ங்கறார், தம்பி 'மறைகுற்றம்'னு சொல்றார், பேராசிரியர் அம்மா 'கணக்கில் வராக் குற்றம்' போதாதான்னு கேக்கறாங்க. மூணையும் வாக்கியத்துல போட்டு எழுதிப் பாத்தேன், மூணும் ஒவ்வொரு இடத்துல இடிக்குது.

மொதல்ல 'எண்'. நம்ம ஊர் எஃப்.ஐ.ஆர் காப்பி ஒண்ணை எடுத்துப் பாருங்க, 'குற்ற எண்'னு போட்டு ஒரு நம்பர், ஒரு சாய்கோடு, அப்புறம் வருஷம் இருக்கும். ஸ்டேஷன்ல, கோர்ட்ல, வக்கீல் குமாஸ்தா வாயில எல்லா இடத்துலயும் குற்ற எண்ணுன்னா அந்த வழக்கோட நம்பர்தான். நாம பேர் வைக்கப் போறதோ அந்த நம்பர் விழாமலே போன குற்றங்களுக்கு! அதுக்கே 'குற்ற எண்'னு வச்சா படிக்கிற பசங்க குழம்பிடுவாங்க. ஜெர்மன்லயும் 'இருட்டு எண்'னுதான் சொல்றாங்கன்னு ஐயா எழுதியிருந்தார், சரிதான், ஆனா அவங்களுக்கு இந்த மோதல் இல்ல, நமக்கு இருக்கு.

'மறைகுற்றம்' கேக்க நல்லா இருக்கு தம்பி, ஆனா மறைச்சது யாரு? கொஞ்ச வருஷம் முன்னாடி என் தங்கச்சி பஸ் ஸ்டாப்புல நிக்கும்போது பைக்ல வந்த ரெண்டு பேர் அவ கையில இருந்த போனைப் பறிச்சுட்டுப் போயிட்டாங்க. பட்டப்பகல், பத்து பேர் பாக்கறாங்க. ஸ்டேஷன்ல மனு எழுதிக் குடுத்தோம், "பறித்துச் சென்றுவிட்டனர்"னு. அங்க இருந்தவர் படிச்சுப் பாத்துட்டு, "தவறவிட்டுவிட்டேன்னு மாத்தி எழுதிக் குடும்மா, உடனே சி.எஸ்.ஆர் போட்டுத் தர்றேன், அதை வச்சு சிம் வாங்கிக்கலாம்"னார். சி.எஸ்.ஆர்ங்கறது மனு வாங்கிக்கிட்டோம்னு ஸ்டேஷன்ல குடுக்கற ரசீது, எஃப்.ஐ.ஆர் இல்ல. அவளுக்கு மறுநாள் இன்டர்வியூ, சிம் வேணும், வேற பேப்பர் வாங்கி மாத்தி எழுதினா. ஒரே ஒரு வினைச்சொல் மாறுச்சு, வழிப்பறி காணாமப் போன பொருளா ஆயிடுச்சு. தங்கச்சி எதையும் மறைக்கல, பறிச்சவனும் மறைஞ்சு செய்யல. நடந்தது ஏட்டுல ஏறல, அவ்வளவுதான்.

அந்த 'ஏறல'ங்கறதைத்தான் நான் பிடிச்சுக்கிட்டேன். ஏடு + ஏறா + குற்றம், ஏடேறாக் குற்றம். மொத்தமா எவ்வளவுன்னு சொல்ல 'ஏடேறாத் தொகை'. இலக்கணமும் இடிக்கல, ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்தான், ஓடாக் குதிரை மாதிரி.

இந்தச் சிக்கல் குற்றவியல் துறை பிறந்தப்பவே பிறந்தது. பிரான்ஸ் நீதி அமைச்சகம் 1827ல இருந்து வருஷாவருஷம் குற்றப் புள்ளிவிவரம் வெளியிட ஆரம்பிச்சுது, பெல்ஜியத்து வானியலாளர் அடால்ஃப் கெத்லே அதை வச்சு வேலை செஞ்சப்பவே, தெரிய வந்து விசாரணைக்குப் போன குற்றத்துக்கும் நடந்த மொத்தக் குற்றத்துக்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய மாறாம இருக்குன்னு வச்சுக்கிட்டாத்தான் இந்த எண்களை வச்சு எதையும் பேச முடியும்னார். அந்த விகிதம் மாறாம இருக்காதுங்கறதுதான் பிரச்சினையே. கார் திருட்டுப் போனா இன்சூரன்ஸ் வாங்க எஃப்.ஐ.ஆர் வேணும், அதனால ஏடேறிடும். வீட்டுக்குள்ள விழற அடி ஏடேறாது.

இங்கதான் அம்மாவோட 'கணக்கில் வராக் குற்றம்'கிட்ட வரேன். எளிமையான சொல், கணக்கில் வராத பணம்னு ஏற்கெனவே பழகினதும்கூட. ஆனா போலீஸ் ஏட்டுல இல்லாததைக் கணக்குல கொண்டுவரத்தானே ஜனங்ககிட்ட நேராப் போயி "உங்களுக்கு இந்த வருஷம் என்ன நடந்துச்சு"ன்னு கேக்கற சர்வே வந்துச்சு? அமெரிக்கால 1973ல இருந்து, இங்கிலாந்துல 1982ல இருந்து நடக்குது. நம்ம நாட்டுல 2019-21 தேசிய குடும்பநல ஆய்வுல, வன்முறைக்கு ஆளான பெண்கள்ல நூத்துக்கு 14 பேர்தான் யார்கிட்டயாவது உதவி கேட்டதாச் சொல்லியிருக்காங்க, அந்த 14 பேர்லயும் பெரும்பாலானவங்க போனது சொந்தக் குடும்பத்துக்கிட்ட. ஆக மத்த அடியெல்லாம் ஆய்வுக் கணக்குல வந்துடுச்சு, ஏட்டுல மட்டும் இல்ல. உங்க சொல்லை வச்சா இதை 'கணக்கில் வந்த கணக்கில் வராக் குற்றம்'னு எழுத வேண்டி வரும் அம்மா.

இன்னொண்ணு, புகார் குடுக்காம விட்டதும் புகார் குடுத்தும் பதியாததும் ரெண்டும் இதுல அடங்கணும். இங்கிலாந்து, வேல்ஸ்ல காவல்துறையை ஆய்வு செய்யற அமைப்பு 2014ல சொன்னது, புகாரா வந்த குற்றங்கள்ல 19 சதவீதம் பதிவே ஆகலன்னு. இங்க 2013ல லலிதா குமாரி வழக்குல உச்ச நீதிமன்றம், புகார்ல வாரண்ட் இல்லாமலே போலீஸ் கைது பண்ணக்கூடிய குற்றம் தெரிஞ்சா எஃப்.ஐ.ஆர் போட்டே ஆகணும்னு சொல்லிடுச்சு, இருந்தும் நடைமுறை எங்க நிக்குதுன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். 'ஏடேறா' யார் மேலயும் பழி போடாம இந்த ரெண்டையும் பிடிச்சுக்குது.

ஒரு இடத்துல மட்டும் இன்னும் தீரல. ஒரே எஃப்.ஐ.ஆர்ல கொலையும் கொள்ளையும் இருந்தா தேசிய குற்ற ஆவணக் காப்பகம் பெரிய குற்றமான கொலையை மட்டும்தான் எண்ணும். அந்தக் கொள்ளை ஏடேறிடுச்சு, ஆனா புள்ளிவிவரத்துல இல்ல. இதை ஏடேறாக் குற்றம்னு சொல்ல முடியாது, தனிச் சொல் வேணும். 'உள்ளடங்கிய குற்றம்'னு ஒண்ணு தோணுச்சு, எனக்கே முழுத் திருப்தி இல்ல. கோர்ட் பழக்கம் உள்ளவங்க இதுக்கு வேற சொல் வச்சிருந்தா எழுதுங்க.