குக்கீயை எல்லாம் அழித்துவிட வேண்டுமா?

ராயபுரம் பையன்:
அக்கா கல்யாணத்துக்கு எம்.சி. ரோட்டில் பட்டுப்புடவை பார்த்தோம். விலையை ஒத்துப்பார்க்க ஒரு ஜவுளிக்கடையின் இணையதளத்தையும் போனில் திறந்தேன், வாங்கவில்லை. ராத்திரி கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கப் போனால், அங்கே அதே மாம்பழ மஞ்சள் புடவை விலையோடு நிற்கிறது. எதிர்வீட்டு நண்பன், "குக்கீ வேலைதான், அது ஒரு வைரஸ், பேங்க் பாஸ்வேர்டையும் எடுத்துவிடும்" என்கிறான். நிஜமா? எல்லாவற்றையும் அழித்துவிடவா?

தண்டையார்பேட்டை பிரவுசிங் சென்டர்:
வைரஸ் எல்லாம் இல்லை தம்பி. குக்கீ என்பது ஒரு இணையதளம் உன் பிரவுசரில் போட்டுவைக்கிற வெறும் எழுத்து, மிஞ்சிப் போனால் 4 கேபி. தானாக எதையும் இயக்காது.

இணையதளத்துக்கு ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு பக்கம் திறக்கும்போதும் நீ அதற்குப் புது ஆள். இதைச் சமாளிக்க 1994-இல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் கம்பெனியில் வேலை பார்த்த லூ மான்டுல்லி கொண்டுவந்த ஏற்பாடு இது. ஸ்டேஷன் வண்டி ஸ்டாண்டில் தரும் டோக்கன் மாதிரி: முகம் தெரியாது, நம்பரைக் காட்டினால் வண்டி கிடைக்கும். கொடுத்த தளத்திடம் மட்டும்தான் பிரவுசர் அதைத் திருப்பிக் காட்டும். ஜவுளிக்கடையின் குக்கீயை ஸ்கோர் தளம் படிக்க முடியாது.

அப்புறம் புடவை எப்படி வந்தது? இரண்டு தளத்திலும் ஒரே விளம்பர நிறுவனத்தின் நிரல் ஒட்டிக்கொண்டிருக்கும். புடவைப் பக்கத்தைத் திறந்தபோதே அந்த நிறுவனமும் தன் பங்குக்கு உனக்கு ஒரு எண் போட்டுவிட்டது. ஸ்கோர் பக்கத்தில் அதே எண்ணைப் பார்த்ததும் புடவையைக் காட்டுகிறது. உன் பேர் அதற்குத் தெரியாமலே இருக்கலாம். ஆனால் எந்த மருந்தைத் தேடினாய், எந்தக் கடன் விளம்பரத்தில் நின்றாய் எல்லாம் அந்த ஒரே எண்ணின் கீழ் சேரும். எனக்குப் பிடிக்காதது இதுதான். நீ திறந்த தளம் இல்லாமல் இப்படி வேறொருவர் போடுவதுதான் மூன்றாம் தரப்புக் குக்கீ. ஆப்பிளின் சஃபாரி பிரவுசர் இதை 2020-லேயே அடைத்துவிட்டது. நிறுத்தப் போகிறோம் என்று அதே வருஷம் அறிவித்த கூகுள், தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு 2025 ஏப்ரலில் குரோமைப் பழையபடியே விட்டுவிட்டது. விளம்பரத்தில் சம்பாதிக்கிற கம்பெனி வேறென்ன செய்யும்!

உன் நண்பனின் பயத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. என் கடைக்கு டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம் போட வருகிறவர்கள் மெயிலைத் திறந்துவிட்டு, லாக் அவுட் செய்யாமல் எழுந்து போய்விடுவார்கள். அடுத்து உட்காருகிறவருக்குப் பாஸ்வேர்டே தேவையில்லை. லாகின் குக்கீ அங்கேயே கிடக்கிறதே. அதனால் ஒவ்வொருவர் எழுந்ததும் நான் எல்லாவற்றையும் துடைத்துவிடுகிறேன். உன் சொந்தப் போனில் அது வேண்டாம்.

வியாசர்பாடி எலி:
அண்ணன் சொல்வது சரி, ஆனால் குக்கீயை அடைத்தால் தப்பித்தோம் என்று இருந்துவிட வேண்டாம். திரை அளவு, எழுத்துரு, பிரவுசர் பதிப்பு இவற்றைச் சேர்த்து வைத்தே ஆளைப் பிரித்தறிய முடியும். ஆப்பில் துணி பார்த்தால் குக்கீக்கே வேலையில்லை. ஆண்ட்ராய்டில் விளம்பர ஐடி என்று போனுக்கே தனியாக ஒரு அடையாள எண் இருக்கிறது, அதையும் நீக்கு.

ராயபுரம் பையன்:
குரோமில் எங்கே அடைப்பது? மறுபடி எல்லாத் தளத்திலும் லாகின் பண்ணணுமா?

தண்டையார்பேட்டை பிரவுசிங் சென்டர்:
செட்டிங்ஸில் சைட் செட்டிங்ஸ், அதில் மூன்றாம் தரப்புக் குக்கீ. அதை மட்டும் தடுத்தால் லாகின் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஏதாவது தளம் முரண்டு பிடித்தால் அதற்கு மட்டும் அனுமதி கொடு.