டொயோட்டா 86: முதல் மாற்றமாக எதைச் செய்வது? செப்பாங்கில் பிரேக் பெடல் ஆழம் போகிறது

சிரம்பான்86

வணக்கம். 2013-ஆம் ஆண்டு டொயோட்டா 86, மேனுவல் கியர், பழைய காராக வாங்கி ஓட்டிவருகிறேன். எஞ்சின், சஸ்பென்ஷன், சைலன்சர் எல்லாம் ஆலையிலிருந்து வந்தபடியே இருக்கின்றன. டயர் மட்டும் முந்தைய உரிமையாளர் போட்ட ஏதோ மலிவுச் சரக்கு. வேலைக்குப் போய்வருவதும் இதே காரில்தான்.

மாற்றங்களுக்கென்று 9,000 ரிங்கிட் ஒதுக்கியிருக்கிறேன். நான் நினைத்திருந்தவை: திறந்த வகை ஏர் பில்டர், பின்பக்க சைலன்சர், உயரத்தைக் குறைக்கும் ஸ்பிரிங், 18 அங்குல ரிம். தீர்க்க வேண்டிய குறைகள் இரண்டு. ஒன்று, நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,500 முதல் 4,500 சுற்று வரை எஞ்சின் சோர்ந்துவிடுகிறது. அதைத் தாண்டியதும் மறுபடி இழுக்கிறது. இன்னொன்று, செப்பாங் பந்தயத் தடத்தில் ஓட்டியபோது சில சுற்றுகளுக்குப் பிறகு, 15-ஆம் வளைவுக்கு முன் பிரேக் பெடல் வழக்கத்தைவிட வெகு ஆழம் போனது. வயிற்றைக் கலக்கிவிட்டது.

பட்டறையில் கேட்டால், "எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் சூப்பர்சார்ஜர் போடுங்கள், காரே மாறிவிடும்" என்கிறார்கள். எதில் தொடங்குவது?

பட்டறை அண்ணன்

தம்பி, சூப்பர்சார்ஜர் பேச்சை இப்போதைக்கு மூட்டை கட்டி வையுங்கள். நிற்கவே தடுமாறும் காருக்கு இன்னும் வேகம் எதற்கு?

ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். பெடல் உள்ளே போனதா, அல்லது பெடல் கெட்டியாக இருந்தும் கார் நிற்க மறுத்ததா? இரண்டும் வேறு வேறு நோய். பெடல் ஆழம் போனால் பிரேக் எண்ணெய் கொதித்திருக்கிறது. பெடல் கல்லாக நின்று, எவ்வளவு மிதித்தாலும் பிடிக்கவில்லை என்றால் பிரேக் பேடு (தட்டை உராய்ந்து நிறுத்தும் பட்டை) தன் வெப்ப எல்லையைத் தாண்டிவிட்டது. கார் ஆறிய பிறகு பெடல் எப்படி இருந்தது என்பதையும் சொல்லுங்கள்.

சிரம்பான்86

உள்ளே போனது, அண்ணா. இரண்டு முறை விட்டு மிதித்த பிறகுதான் பிடித்தது. வண்டியை நிறுத்தி ஆறவிட்டதும் பெடல் பழையபடி மேலே வந்துவிட்டது. ஒழுகல் எதுவும் இல்லை. பிரேக் எண்ணெய்க் கிண்ணத்தைத் திறந்து பார்த்தேன். தேயிலைச் சாயம் போலக் கறுத்திருக்கிறது.

பட்டறை அண்ணன்

அப்படியானால் ஐயமே இல்லை, எண்ணெய்தான். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நம் ஊர் ஈரப்பதத்தில் கேட்கவே வேண்டாம். டாட் 4 தரத்துக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறிய நிலையில் 155 டிகிரி இருந்தாலே தரத்துக்குப் போதும். பேடைத் தட்டோடு அழுத்தும் காலிப்பருக்குள் எண்ணெய் கொதித்து ஆவிக் குமிழ் உண்டானால், மிதிக்கிற மிதியெல்லாம் குமிழை நசுக்கவே போய்விடும். பிஸ்டனுக்கு அழுத்தம் போய்ச்சேராது. ஆறியதும் குமிழ் மறைந்து பெடல் மேலே வந்துவிடும். நீங்கள் சொன்னது அச்சு அசலாக இதுதான்.

பந்தயத்துக்கென்று விற்கும் எண்ணெய்களின் கொதிநிலை 300 டிகிரிக்கு மேல். நான்கு சக்கரத்திலும் பழையதை முழுவதும் வெளியேற்றிவிட்டு அதை நிரப்பச் சொல்லுங்கள். கிண்ணத்தில் உள்ளதை உறிஞ்சிவிட்டு மேலாக ஊற்றித் தருகிறவர்கள் இருக்கிறார்கள், பக்கத்திலேயே நில்லுங்கள். கூடவே தடத்துக்கும் சாலைக்கும் பொதுவான பேடு ஒரு செட். முழுப் பந்தய பேடு வேண்டாம்; காலையில் குளிர்ந்த நிலையில் பிடிக்காது, சிக்னலுக்குச் சிக்னல் கிறீச்சிடும். பெரிய பிரேக் கிட்டும் இப்போது வேண்டாம்.

கணக்குப்பிள்ளை

செப்பாங்கில் இது ஏன் உடனே வெளிப்படுகிறது என்பதற்கு ஒரு கணக்கு. ஓட்டுநரோடு சேர்த்துக் காரை 1,350 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 190 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 70-க்கு இறக்கினால் பெரும்பாலும் பிரேக் வழியாக வெளியேறும் ஆற்றல் சுமார் 16 லட்சம் ஜூல். 30 டிகிரியில் இருக்கும் ஐந்து லிட்டருக்கும் மேலான தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக அது போதும். அதுவும் சில வினாடிகளில், நான்கு தட்டுகளில், அதிலும் பெரும்பங்கு முன்னிரண்டில்.

5.543 கிலோமீட்டர் தடத்தில் இரண்டு நீண்ட நேர்ப்பாதைகள் அடுத்தடுத்து வருகின்றன. நடுவில் 15-ஆம் வளைவு மட்டும். அங்கே ஏறிய சூடு முழுவதும் ஆறுவதற்குள் முதல் வளைவுக்கு மறுபடி மிதிக்க வேண்டும். 200 குதிரைத்திறன் காருக்கே இந்த நிலை. சூப்பர்சார்ஜர் போட்டு அதே இடத்துக்கு 215-இல் வந்தால் வெப்பம் மூன்றில் ஒரு பங்கு கூடும். வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஆற்றல் ஏறுகிறது என்பதைச் சூப்பர்சார்ஜர் போடச் சொன்ன பட்டறைக்காரர் மறந்துவிட்டார் போலும்.

ஈப்போ வளைவு

பிரேக் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவர் கேட்ட முதல் குறையை யாரும் தொடவில்லையே. 3,500-க்கு மேல் சோர்வது இந்தக் காரில் கோளாறு அல்ல, பிறவிக் குணம். இதிலுள்ள எஃப்ஏ20 எஞ்சினின் முறுக்குவிசைக் கோடு அந்த இடத்தில் பள்ளம் விழும். அதிகபட்ச 205 நியூட்டன் மீட்டர் 6,400 சுற்றுக்கு மேல்தான் வருகிறது. திறந்த ஏர் பில்டரோ பின்பக்க சைலன்சரோ அதைத் தீர்க்காது. சத்தம் கூடும், பள்ளம் அப்படியே இருக்கும். புகை வெளியேற்றும் மேனிபோல்டை மாற்றி, அதற்கேற்ப ஈசியூவையும் (எஞ்சினை இயக்கும் கணினி) திருத்தினால்தான் பள்ளம் பெருமளவு நிரம்பும். நான் செய்திருக்கிறேன். மலையேற்றத்தில் கியர் மாற்றுவதே குறைந்துவிட்டது. என்னைக் கேட்டால் டயருக்கு முன் இதைத்தான் செய்வேன்.

பட்டறை அண்ணன்

நீங்கள் மலைச்சாலையில் ஓட்டுகிறவர், அதனால் அப்படிச் சொல்கிறீர்கள். இவருடைய காரில் பெயர் தெரியாத டயர் இருக்கிறது. மேலும் இந்தக் காரின் ஆலை மேனிபோல்டில் புகையின் நச்சைக் குறைக்கும் வினையூக்கி மாற்றி ஒன்று இருக்கிறது. சந்தையில் கிடைக்கும் பல மேனிபோல்டுகளில் அது இல்லை. ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) சோதனையில் மாட்டினால் பதில் சொல்ல வேண்டியவர் கார்க்காரர்தான், விற்றவர் அல்ல. வாங்குவதென்றால் வினையூக்கியோடு வருவதாகப் பார்த்து வாங்குங்கள்.

எரிபொருளையும் கவனியுங்கள். எஞ்சின் உருளைக்குள் கலவையை அழுத்தும் விகிதம் 12.5-க்கு 1. ரோன் 95 பெட்ரோல் ஊற்றினால் எஞ்சின் தன்னைக் காத்துக்கொள்ளத் தீப்பொறி விழும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளும், திறனும் குறையும். ரோன் 97-ஐ விட்டு இறங்காதீர்கள். இவ்வளவு அழுத்தமுள்ள எஞ்சினுக்குத்தான் சூப்பர்சார்ஜர் சிபாரிசு செய்திருக்கிறார்கள்! செய்ய முடியாதது அல்ல. ஆனால் எரிபொருள், தீப்பொறி, கிளட்ச், குளிரூட்டல் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துச் செய்ய வேண்டிய வேலை அது. 9,000 ரிங்கிட்டில் முடிகிற கதை அல்ல.

சிரம்பான்86

இருவருக்கும் நன்றி. டயர் அவ்வளவு பெரிய வேறுபாடு காட்டுமா? ஆலையிலிருந்து வரும்போதே இதற்குச் சாதாரண டயர்தான் என்று கேள்விப்பட்டேன்.

கணக்குப்பிள்ளை

உண்மைதான். பல சந்தைகளில் மிச்செலின் பிரைமசி எச்பி, 215/45ஆர்17 அளவில் வந்தது. பிரியஸின் சில வகைகளிலும் அதே டயர். சிக்கனத்துக்காக மட்டும் செய்ததல்ல. தலைமைப் பொறியாளர் டெட்சுயா தாடாவின் குழு, மிதமான வேகத்திலேயே கார் வழுக்கி விளையாட வேண்டும் என்று விரும்பியது. அவர்கள் தேர்ந்தெடுத்தது எந்த இடத்தில் வழுக்கும் என்று முன்கூட்டியே உணர்த்துகிற டயர். உங்கள் காரில் இருப்பது வேறு ஏதோ ஒன்று, ஈரத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்று யாருக்கும் தெரியாது. பிற்பகல் மழை எப்போது கொட்டும் என்று சொல்ல முடியாத செப்பாங்கில் அதை நம்பி ஓட்டாதீர்கள்.

18 அங்குல ரிம் அழகுக்கு. ரிம்மும் டயரும் கனம் கூடினால் முடுக்கமும் மந்தமாகும், மேடுபள்ளமும் அதிகம் தெரியும், டயர் விலையும் ஏறும். 17-லேயே இருங்கள். ஆலை ரிம்மின் அகலம் 7 அங்குலம். 225/45ஆர்17 அதில் உட்காரும்.

ஈப்போ வளைவு

டயர் மாற்றும் அன்றைக்கே சக்கர அலைன்மெண்டும் பாருங்கள். முன்சக்கரக் கேம்பர் (சக்கரம் உள்ளே வெளியே சாயும் கோணம்) ஆலையில் ஏறக்குறைய சுழியம். தடத்தில் ஓட்டினால் முன்டயரின் வெளித்தோள் மட்டும் தேயும். கேம்பர் போல்ட் என்று தனியாக விற்கிறார்கள், விலை அதிகமில்லை. அதைப் போட்டு முன்பக்கத்தை ஒரு டிகிரிக்குச் சற்று மேல் உள்ளே சாய்த்தால், திருப்பியதும் முன்பக்கம் கேட்கிற விதமே வேறு.

உயரம் குறைக்கும் ஸ்பிரிங்கை மட்டும் தயவுசெய்து ஆலை டேம்பரோடு (ஷாக் அப்சார்பர்) போடாதீர்கள். பயண இடைவெளி குறைந்து, தாமான் (குடியிருப்பு) சாலை வேகத்தடை மேடு ஒவ்வொன்றிலும் டேம்பர் முட்டுக்கட்டையில் இடிக்கும். பிறகு எப்போதாவது நல்ல டேம்பர் செட்டாகவே வாங்கலாம்.

பட்டறை அண்ணன்

இன்னும் இரண்டு செய்திகள். தொடக்க கால எஃப்ஏ20 எஞ்சின்களின் வால்வு ஸ்பிரிங்குக்காக 2018-இல் பல நாடுகளில் திரும்ப அழைத்தார்கள். உங்களுடையது 2013 கார். அடிச்சட்ட எண்ணைக் கொடுத்து டொயோட்டா சேவை மையத்தில் கேளுங்கள். வேலை ஏற்கெனவே முடிந்திருந்தால் யார் செய்தார்கள், எங்கே செய்தார்கள் என்பதையும் விசாரியுங்கள். எஞ்சினைத் திறந்து மூடும்போது பசை அதிகம் பூசினால், அது உதிர்ந்து எண்ணெய் வழியை அடைக்கும். அந்த வேலை முடிந்த சில எஞ்சின்கள் அதன்பின் பழுதானதும் உண்டு.

எஞ்சின் எண்ணெய் வெப்பத்தையும் பார்க்க வேண்டும். டாஷ்போர்டில் வெப்பமானி ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் குளிர்நீருக்கு. காரின் கோளாறு கண்டறியும் ஓபிடி செருகியில் சிறு கருவி மாட்டினால் கைப்பேசியில் எண்ணெய் வெப்பம் தெரியும். 120-ஐத் தாண்டினால் வேகத்தைக் குறைத்து ஒரு சுற்று ஆறவிட்டு வாருங்கள். அடிக்கடி அப்படி ஏறினால், ஒதுக்கிய பணத்தில் மிச்சத்தை ஆயில் கூலருக்கு வைத்துக்கொள்ளுங்கள், மேனிபோல்டுக்கு முன்பாகவே.

கணக்குப்பிள்ளை

காப்புறுதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாதாரண கார் பாலிசி பந்தயத்தையும் வேகச் சோதனையையும் பொதுவாக உள்ளடக்காது. எஞ்சினில் கைவைத்துவிட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் இருந்தால், சாலையில் நடந்த விபத்துக்கும் இழப்பீட்டில் தகராறு வரலாம்.

சிரம்பான்86

எண்ணெயும் பேடும் மாற்றியாயிற்று. பக்கத்திலேயே நின்று பார்த்தேன். முன் இடது காலிப்பரிலிருந்து வெளியே வந்தது கிண்ணத்தில் இருந்ததைவிடக் கறுப்பு. புதிய பேடைப் பதப்படுத்த, அதிகாலையில் ஆளில்லாத சாலையில் மிதமான வேகத்திலிருந்து திரும்பத் திரும்பக் குறைத்து, நடுவில் முழுவதும் நிறுத்தாமல் ஓட்டி ஆறவிட்டேன். பெடல் இப்போது மேலேயே கெட்டியாகப் பிடிக்கிறது.

225/45ஆர்17 நல்ல டயருக்கும் கேம்பர் போல்டுக்கும் சொல்லியிருக்கிறேன். 18 அங்குல ரிம், ஸ்பிரிங், ஏர் பில்டர் மூன்றையும் விட்டுவிட்டேன். திரும்ப அழைத்த வேலை என் காருக்கு உண்டா என்று சேவை மையத்தில் எழுதிக் கேட்டிருக்கிறேன். ஒரு சந்தேகம்: தடத்தில் ஓட்டும்போது டயர் காற்றை எவ்வளவு வைப்பது?

ஈப்போ வளைவு

கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவிலிருந்து தொடங்குங்கள். ஓட்டி வந்ததும், ஆறுவதற்குள், நான்கையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சூட்டில் அழுத்தம் எகிறியிருக்கும். நடுப்பகுதி அதிகம் தேய்ந்தால் சிறிது இறக்குங்கள், இரு தோள்களும் தேய்ந்தால் ஏற்றுங்கள். வீட்டுக்குக் கிளம்புமுன் டயரை ஆறவிட்டுப் பழைய அளவுக்குக் காற்று நிரப்ப மறக்காதீர்கள்.