பஸ்டர் கீட்டனைக் கெடுத்தது எம்ஜிஎம்மா, அவரேதானா?

நிழல்பித்தன்:
மௌனப் படக் காலத்தின் நகைச்சுவை நட்சத்திரமான கீட்டன், 1928இல் சொந்த யூனிட்டை விட்டுவிட்டு ஹாலிவுட்டின் பெரிய ஸ்டுடியோவான எம்ஜிஎம்மில் சேர்ந்தார். 1933இல் வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்கள். அந்த ஸ்டுடியோதான் அவரை அழித்தது என்பது என் கட்சி. அங்கே போவதற்கு முன் அவர் எடுத்த 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' பாருங்கள். புயலில் ஒரு வீட்டின் முன்சுவர் அப்படியே அவர்மேல் சாய்கிறது. திறந்திருந்த மாடி ஜன்னல் சரியாக அவர் நிற்கும் இடத்தில் வந்து இறங்குவதால் பிழைக்கிறார். நிஜச் சுவர், டூப் கிடையாது, சுற்றிலும் சில அங்குலம்தான் இடைவெளி. அந்த மனிதரிடம் எம்ஜிஎம்மில் ஸ்கிரிப்டைக் கொடுத்து, இதில் இருக்கிறபடி நடி என்றார்கள்!

தேவகி:
பணம் போட்டவர் பக்கமும் பாருங்க. 'தி ஜெனரல்' படத்துக்காக ஒரேகான்ல நிஜ ரயில் எஞ்சினையே பாலத்தோட ஆத்துல விழ வெச்சார். அமெரிக்காவுல போட்ட காசு திரும்பலை. எம்ஜிஎம்ல எடுத்த பேசும் படங்கள் நல்லாவே ஓடிச்சு. வேலை போனதுக்குக் காரணம் குடி. ஷூட்டிங்குக்கே வராம இருந்தா எந்த முதலாளி பொறுப்பார்?

நிழல்பித்தன்:
ஓடியது உண்மைதான் தேவகி. ஆனால் அதில் கீட்டன் எங்கே இருக்கிறார்? வசனத்தை ஒலியாக மனப்பாடம் பண்ணி, ஒரே கதையை வேற்றுமொழியிலும் நடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். குடி எல்லை மீறியதும் அந்த வருடங்களில்தான்.

சபரி:
ரெண்டு பேரும் ஷெங்க்கை விட்டுட்டீங்க. எம்ஜிஎம்முக்கு முன்னாடி கீட்டன் படங்களைத் தயாரிச்ச ஜோசப் ஷெங்க் அவருக்குச் சகலை. அக்கா நார்மாவை அவர் கட்டினார், தங்கை நடாலியை இவர். ஜோசப்பின் தம்பி நிக்கோலஸ்தான் எம்ஜிஎம்மின் தாய்க் கம்பெனிக்குத் தலைவர். கீட்டனைக் குடும்பத்துக்குள்ளேயே கைமாத்திட்டாங்க. போகாதேன்னு சாப்ளின் சொன்னார், இன்னொரு காமெடி நட்சத்திரம் ஹரால்ட் லாயிடும் சொன்னார். அவங்க ரெண்டு பேர் படமும் அவங்க கையில இருந்தது. கீட்டனுக்குத் தன் படத்துலயே உரிமை இல்லை.

தேவகி:
அதைத்தான் நானும் சொல்றேன் சபரி. சாப்ளின் 1919லயே கூட்டாளிகளோட யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ்னு சொந்தப் படக் கம்பெனி ஆரம்பிச்சார். கணக்கு வழக்கை எல்லாம் சகலை பார்த்துப்பார்னு விட்டது கீட்டனோட முடிவு. அதுக்கு ஸ்டுடியோவைக் குத்தம் சொல்ல முடியாது.

நிழல்பித்தன்:
பின்னாளில் அதே எம்ஜிஎம் அவரைக் குறைந்த சம்பளத்துக்குக் காமெடி யோசித்துக் கொடுக்கக் கூப்பிட்டது. 1948இல் காமெடி நடிகர் ரெட் ஸ்கெல்டன் படம் ஒன்று: அமெரிக்க உள்நாட்டுப் போரில் ரெண்டு படைக்கும் நடுவில், பாதி வடக்குச் சீருடை, பாதி தெற்குச் சீருடை போட்டு ஸ்கெல்டன் நடக்கிறார். ரெண்டு பக்கமும் கைதட்டுகிறது. கீட்டன் கொடுத்த யோசனை அது. திறமை தீரவில்லை என்று தெரிந்தும் கேமராவுக்குப் பின்னாலேயே உட்கார வைத்தார்களே, அதற்குப் பதில் சொல்லுங்கள்.