நான் பக்கத்தில் நின்றால் சர்வீஸ் போகிறது, மேட்சில் நெட்டில் விழுகிறது

மண்தரை:
திண்டுக்கல் பக்கம் எங்கள் ஊர். பள்ளி விட்டதும் எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பெண் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் வாலிபால் சொல்லித் தருகிறேன். கோச் எல்லாம் இல்லை, பழைய ஆட்டக்காரன். பகலில் டிராக்டர் ஒர்க்ஷாப்.

ஓவர்ஹேண்ட் சர்வீஸ்தான் தலைவலி, அதாவது பந்தை மேலே தூக்கிப் போட்டு (அதுதான் டாஸ்) தலைக்கு மேலே கையை ஓங்கி அடிப்பது. பக்கத்தில் நின்று பந்துக்குப் பந்து "முழங்கையைத் தூக்கு", "மணிக்கட்டை மடக்கு", "டாஸ் பின்னால போகுது பார்" என்று கத்தினால் பத்துக்கு எட்டு தாண்டுகிறது. போன ஞாயிறு பக்கத்து ஊர் மேட்சில் பாதி நெட்டில். அதிலும் ஒரு பிள்ளை, அடித்த கையோடு திரும்பி என் முகத்தைப் பார்க்கிறாள். பந்து எங்கே விழுந்தது என்றுகூடப் பார்க்கவில்லை. செல்போனில் வீடியோ எடுத்துக் காட்டினால் சரியாகுமா? அதற்கு ஸ்டாண்டு வாங்கணுமா?

ஓய்வுபெற்ற பி.டி. சார்:
தம்பி, அந்தப் பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்தாளே, கோளாறு அங்கேதான் இருக்கிறது. உள்ளங்கையில் பட்ட அடி, அந்தச் சத்தம், பந்து போன வழி எல்லாம் அவளுக்குத் தானாகக் கிடைக்கும் தகவல். நீங்கள் சொல்வது வெளியிலிருந்து வருவது. அதிலும் "நெட்டுக்கு ஒரு சாண் கீழே" என்பது விளைவு, "முழங்கை தாழ்ந்தது" என்பது அசைவு. விளைவை நெட்டே சொல்லிவிடும், அதற்கு நீங்கள் வேண்டாம்.

1984இல் சல்மோனி, ஷ்மிட், வால்டர் மூவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். அடிக்கடி சொல்லிக்கொண்டே இருந்தால் பயிற்சியில் நன்றாகச் செய்வார்கள், சொல்வதை நிறுத்தியதும் சரிந்துவிடும் என்பது அவர்கள் வாதம். ஊன்றுகோல் மாதிரி. 1990இல் வின்ஸ்டீனும் ஷ்மிட்டும் ஆய்வகத்தில் ஒரு கை அசைவைப் பழக்கினார்கள். வரவரக் குறைத்து, மொத்தத்தில் பாதி முறை மட்டும் விளைவைக் கேட்டவர்கள், ஒவ்வொரு முறையும் கேட்டவர்களைவிட மறுநாள் நன்றாகச் செய்தார்கள். அது வாலிபால் இல்லைதான், ஆனால் என் வேலையில் 22 வருஷம் கிரவுண்டில் நான் பார்த்ததும் இதேதான்.

மூன்று பந்து வாயைத் திறக்காதீர்கள். நான்காவதில், "என்ன ஆச்சு?" என்று அவளிடமே கேளுங்கள்.

பழைய செட்டர்:
சார் சொன்னதோடு ஒன்று. எத்தனை முறை சொல்கிறோம் என்பது போலவே, என்ன வார்த்தை சொல்கிறோம் என்பதும் முக்கியம் அண்ணா. 2002இல் காப்ரியேல் வுல்ஃப் குழு வாலிபால் சர்வீசை வைத்தே பார்த்தது. ஒரு தரப்புக்கு மணிக்கட்டு, கால் என்று உடம்பைப் பற்றிய வார்த்தைகள். இன்னொரு தரப்புக்குச் சாட்டையைச் சொடுக்குவது போல அடி, குறியை நோக்கிச் சாய் என்ற மாதிரி. இந்த இரண்டாம் தரப்பின் பந்துகள்தான் குறிக்குப் பக்கத்தில் விழுந்தன. புதியவர், பழையவர் வித்தியாசமில்லை. அதே ஆய்வில் கால்பந்தும் உண்டு. அதில் உடம்பைப் பற்றிய வார்த்தைகளைக் குறைத்துச் சொன்னபோது பலன் கூடியது. குறியைப் பற்றிய வார்த்தைகள் ஒவ்வொரு முறை சொன்னாலும் கெடுக்கவில்லை. சார் கோபித்துக்கொள்ள வேண்டாம்!

கல்லூரியில் எங்களுக்கு நெட்டுக்கு மேலே இரண்டடி உயரத்தில் ஒரு கயிறு கட்டுவார்கள். நடுவில் போனால் மேடம் பேசவே மாட்டார். தவறினால் மட்டும் ஒரு வார்த்தை.

ஒன்பதாம் நம்பர்:
கொஞ்சம் பொறுங்கள். டாஸே போடத் தெரியாத பிள்ளையிடம் "என்ன ஆச்சு" என்று கேட்டால் அழுதுவிடும். முதல் வாரம் சொல்லித்தான் ஆகணும், அப்புறம் குறைக்கலாம்.

வீடியோவுக்கு ஸ்டாண்டு வேண்டாம், இரண்டு செங்கல் போதும். ஆனால் எங்கே பார்க்கணும் என்று சொல்லாமல் காட்டினால் தலைமுடி கலைந்ததைத்தான் பார்ப்பார்கள். பந்தில் கை படும் இடத்தில் நிறுத்தி, அது ஒன்றை மட்டும் காட்டுங்கள்.

மண்தரை:
பன்னிரண்டு நாள் ஆயிற்று. 2.24 மீட்டர் நெட்டுக்கு மேலே இரண்டு மூங்கிலை நட்டுச் சணல் கயிறு கட்டினேன். முதல் மூன்று நாள் பத்துக்கு ஐந்துகூடப் போகவில்லை, விட்டுவிடலாமா என்று இருந்தது. வாயைக் கட்டுவது டிராக்டர் கியர்பாக்ஸைக் கழற்றுவதைவிடக் கஷ்டம். இப்போது ஆறு, ஏழு வருகிறது. சாட்டை என்று சொன்னதும் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபட்டது.

நேற்று, என் முகத்தைப் பார்க்கும் அந்தப் பிள்ளை ஒன்றை நெட்டில் அடித்துவிட்டு, பந்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "டாஸ் தலைக்குப் பின்னாடி போயிடுச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நான் ஒன்றும் பேசவில்லை. பயிற்சி முடிந்து போகும்போது இன்னொரு பிள்ளை வந்து மெதுவாகக் கேட்கிறாள்: "அண்ணா, எங்க மேல கோவமா?"