மறு: பேஜ் சிகிச்சைக்குத் தமிழ்ச்சொல் – ‘உடைப்பி’

எல்லோருக்கும் வணக்கம்.

பற்றீரியாவைத் தாக்கும் வைரசான பேஜுக்கும், அதைக் கொண்டு தொற்றைக் குணப்படுத்தும் சிகிச்சைக்கும் தமிழ்ச்சொல் தேடும் நம் குழுவில், தின்னி, உண்ணி, விழுங்கி மூன்றைப் பற்றியும் போதியளவு பேசியாயிற்று. மூன்றும் 1917இல் ஆய்வாளர் டெரெல் வைத்த ‘பற்றீரியோபேஜ்’ (பற்றீரியாவைத் தின்பது) என்ற கிரேக்கப் பெயரின் வழி வந்தவை. ரீச்சர், வகுப்பறைக்குத் தின்னி போதும்; அதை மாற்ற வேண்டியதில்லை. என் கவலை வாட்டில் படுத்திருக்கும் ஆளைப் பற்றியது. சலரோகக்காரர் ஒருவரின் கால் புண்ணில் எடுத்த சீழைக் கல்ச்சர் பண்ணிய அறிக்கை வருகிறது. மருந்துப் பெயர்களுக்கு நேரே ‘ஆர்’, ‘ஆர்’, ‘ஆர்’ (ரெசிஸ்டன்ட், அதாவது மருந்துக்கு அடங்காதது) என்று வரிசையாக விழுந்திருக்கும். “இந்தக் கிருமி எந்த மருந்துக்கும் கேட்குதில்லை” என்று டொக்டர் மகளிடம் சொல்லுவார். என்றோ ஒருநாள் அதற்கு அடுத்த வசனத்தில் வரப்போகும் சொல்லைத்தான் நாம் இப்போது தேடுகிறோம். அது கேட்டவுடன் அவளுக்குப் பிடிபட வேண்டும்.

அந்த வைரசு என்ன செய்கிறது என்று பார்ப்போம். வால் நார்களால் பற்றீரியாவின் மேற்பரப்பில் தனக்குப் பொருந்தும் இடத்தைப் பிடிக்கும். டிஎன்ஏயை மட்டும் உள்ளே இறக்கிவிடும். வெறுங்கூடு வெளியிலேயே நின்றுவிடும். அதன்பின் பற்றீரியா தனக்காக வேலை செய்வதை விட்டு வைரசுக்காக வேலை செய்யும். குடலில் வாழும் ஈ.கோலையைத் தாக்கும் டி4 வகை என்றால், அரை மணித்தியாலமளவில் நூறு வரையான புதியவை உள்ளே தயாராகிவிடும். கடைசியில் ஒரு நொதியம் உள்ளிருந்தே சுவரை அறுக்க, கலம் உடைந்து எல்லாம் வெளியே கொட்டும். இதில் தின்பது எங்கே இருக்கிறது? டெரெலும்கூட நேர்ப்பொருளில் தின்பதை நினைத்து அந்தப் பெயரை வைக்கவில்லை. பற்றீரியாவைக் கொண்டு பெருகுவது என்பதே அவர் சொன்ன விளக்கம்.

உண்ணி வேண்டவே வேண்டாம். மாட்டிலும் நாயிலும் ஒட்டி இரத்தம் குடிப்பதற்குத்தான் எங்கள் ஊரில் அந்தப் பெயர். “அப்பாவுக்கு உண்ணி ஏத்தப் போறம்” என்றால் யார் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடுவார்கள்? கொல்லி என்றால் நுண்ணுயிர்கொல்லியோடு குழம்பும். அதற்கு அடங்காத கிருமிக்குத்தானே இந்தச் சிகிச்சை. தம்பி சொன்ன வெடிப்பி பொருளால் சரி. ஆனால் வெடி என்றதும் துவக்குச் சத்தம் நினைவுக்கு வருகிற தலைமுறை இன்னும் நம் வாட்டுகளில் படுத்திருக்கிறது. பேஜ் என்று அப்படியே எழுதினால் புத்தகப் பக்கம் என்று வாசிப்பார்கள்.

ஆகவே உடைப்பி. சிகிச்சைக்கு உடைப்பிச் சிகிச்சை.

“எல்லாப் பேஜும் உடைப்பதில்லையே” என்று ஐயா கேட்டிருந்தார். இந்தப் பெயரை நான் விரும்புவதற்கு முதற்காரணமே அதுதான். சில வகைகள் பற்றீரியாவின் டிஎன்ஏயோடு தம் டிஎன்ஏயைக் கோத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடும். பற்றீரியா பெருகப் பெருக அதுவும் கூடவே பெருகும். இவை சில வேளை நச்சுக்கான மரபணுவையும் கொண்டுவந்து சேர்க்கும். கொலராக் கிருமிக்கு அந்தக் கொடிய நஞ்சைக் கொடுத்ததே இப்படி வந்த ஒரு வைரசுதான். தொண்டைக்கரப்பனிலும் (டிப்தீரியா) அதே கதை. நோயாளிக்கு ஏற்றக்கூடாத இந்த வகையைத் தங்கி என்போம். தின்னி என்ற பொதுப்பெயருக்குள் உடைப்பி, தங்கி என்று இரண்டு பிரிவு இருந்தால், எது மருந்து, எது ஆபத்து என்பதைப் பெயரே சொல்லிவிடும்.

2019இல் வெளியான இலண்டன் சிகிச்சை விபரத்தை இந்தச் சொற்களால் எழுதிப் பார்த்தேன், தடங்கல் இல்லாமல் வந்தது. இரண்டு நுரையீரலும் மாற்றப்பட்ட 15 வயதுச் சிறுமிக்கு, காசநோய்க் கிருமியின் உறவான மைக்கோபற்றீரியம் அப்செசஸ் தொற்று. மருந்துகள் கைவிட்டுவிட்டன. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் ஹாட்ஃபுல் என்ற ஆய்வாளரின் குழு தம் சேமிப்பிலிருந்து மூன்று தின்னிகளைத் தேர்ந்து கொடுத்தது. ஒன்று இயல்பிலேயே உடைப்பி. தென்னாபிரிக்காவில் அழுகிய கத்தரிக்காயில் கண்டெடுத்தது. மற்ற இரண்டும் தங்கிகள். அடங்கியிருக்கச் செய்யும் மரபணுவை நீக்கி அவற்றை உடைப்பியாக்கினார்கள். தொற்று அடியோடு போகாவிட்டாலும் சத்திரசிகிச்சைக் காயம் மூடியது, சிறுமி தேறினாள். ‘தங்கியை உடைப்பியாக்கினார்கள்’ என்ற வசனத்தைத் ‘தின்னி’யை மட்டும் வைத்து எழுதிப் பாருங்கள், முடியாது.

பல உடைப்பிகளைச் சேர்த்துக் கொடுப்பதைக் காக்டெயில் என்கிறார்கள். நமக்குக் கலவை போதும். ஓர் உடைப்பி பெரும்பாலும் ஓரினப் பற்றீரியாவை, அதிலும் சில வகைகளை மட்டுமே உடைக்கும். அதனால் நோயாளியின் கிருமியைத் தட்டில் படலமாக வளர்த்து, மேலே துளி விட்டுப் பார்க்க வேண்டும். பொருந்தினால் துளி விழுந்த இடம் கண்ணாடிபோல் வெளிக்கும். அதற்குத் தெளிவட்டம் என்றும், சோதனைக்கு உடைப்பிப் பொருத்தம் பார்த்தல் என்றும் வைக்கலாம். பொருத்தம் பார்ப்பது என்னவென்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 1923இல் தொடங்கிய ஜோர்ஜியா நாட்டின் எலியாவா ஆய்வு நிலையத்தில் காலங்காலமாக உடைப்பிகளைச் சேர்த்துவைத்துக் கிருமிக்கேற்ப எடுத்துக் கொடுப்பதும் இந்தப் பொருத்தத்தை நம்பித்தான்.

மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த அமெரிக்க மிஷன் டொக்டர் கிறீன், சத்திரசிகிச்சை நூலுக்கு இரணவைத்தியம் என்று நம் சொல்லால் பெயர் வைத்தார், கெமிஸ்ட்ரி நூலுக்குக் கெமிஸ்தம் என்று ஒலியை ஒட்டியும் வைத்தார். நோயாளியின் காதுக்குப் போகும் சொல்லில் முதலாவது வழியே நல்லது என்பது என் எண்ணம்.

இன்னும் ஒன்று. சுவரை அறுக்கும் அந்த நொதியத்தைத் தனியே எடுத்து மருந்தாக்கவும் முயல்கிறார்கள். அதற்கு உடைநொதியம் என்போம். கட்டுரையில் பற்றீரியா உடைப்பி என்று முழுதாக எழுதலாம். வாட்டில் கிருமியுடைப்பி என்றால் சரி. தங்கிக்கு இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள், உடனே மாற்றிக்கொள்கிறேன். உடைப்பியை மட்டும் விடமாட்டேன்.