கிராம சபையின் யூடியூப் சேனல்: கேமரா வாங்கலாமா, வேறு என்ன செய்யலாம்?

தேரிக்காட்டான்

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் ஊர் சாத்தான்குளம் பக்கம், நூறு குடும்பம் உள்ள சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபை. 2020 ஏப்ரல் 10, பெரிய வெள்ளி அன்று ஊரடங்கில் ஆலயம் பூட்டிக் கிடந்தபோது, எங்கள் போதகர் ஐயர் தன் ஃபோனை ஒரு நாற்காலியில் சாய்த்து வைத்து, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளையும் தியானித்துப் பதிவேற்றினார். அப்படித் தொடங்கியதுதான் எங்கள் சேனல். இப்போது வாராவாரம் ஆராதனை முழுவதையும், ஒன்றரை மணி நேரம், அப்படியே போடுகிறோம். முப்பது நாற்பது பேர் பார்க்கிறார்கள், அதிலும் பாதிப் பேர் இரண்டு நிமிஷத்தில் போய்விடுகிறார்கள். சபையை நிர்வகிக்கும் சேகர கமிட்டியில் ஒருவர் "இது யாருக்காகப் போடுறோம்?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆலயத்துக்குள் வராதவர்களுக்கும் சுவிசேஷம் போய்ச் சேர வேண்டும் என்பது என் ஆசை. நல்ல கேமரா வாங்க நாற்பதாயிரம் ஒதுக்கலாம் என்கிறார்கள். வாங்கலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஆர்மோனியம்

தம்பி, கேமரா இப்போது வேண்டாம், முதலில் சத்தத்தைச் சரி பண்ணுங்கள். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள், பிரசங்கம் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோலக் கேட்டால் யாரும் இருக்க மாட்டார்கள். எங்கள் சபையில் ஃபோனை மூன்றாவது பெஞ்சில் வைத்திருந்தோம், நேர் மேலே ஃபேன். ஆறு மாதம் அதைத்தான் பதிவு செய்திருக்கிறோம் என்று பிறகுதான் தெரிந்தது. மிக்ஸரிலிருந்து ஒரு வயர் எடுத்து, சின்ன சவுண்ட் கார்டு வழியாக ஃபோனுக்குக் கொடுங்கள், ஐயர் குரல் சுத்தமாக வரும். ஆனால் அதை மட்டும் செய்தால் சபையார் பாடுவதே கேட்காது, ஐயர் காலி ஆலயத்தில் தனியாகப் பாடுவதுபோல இருக்கும். அதனால் சபையைப் பார்த்து இன்னொரு மைக் வையுங்கள், அது பதிவுக்கு மட்டும் போகட்டும், ஸ்பீக்கருக்குப் போகக் கூடாது. போனால் கீச்சென்று கத்தும்.

அப்புறம் பாட்டு. யாரோ இசையமைத்த ட்ராக்கை ஓடவிட்டுப் பாடினால் காப்பிரைட் கோரிக்கை வந்து நிற்கும், சில சமயம் வீடியோவே முடங்கும். நம்மிடம் கீர்த்தனைப் புத்தகம் இருக்கிறதே! தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் காலமானது 1864இல். எழுதியவர் இறந்து 60 ஆண்டு ஆனால் காப்புரிமை முடிந்தது என்பது நம் நாட்டுச் சட்டம். உங்கள் பாடகர் குழுவே ஆர்மோனியமும் தபேலாவும் வைத்து அவர் கீர்த்தனைகளைப் பாடட்டும். அந்த மனிதர் தன் காலத்து ஜனங்கள் கூடி ரசித்த குறவஞ்சி நாடகத்தை எடுத்து அதிலேயே சுவிசேஷம் சொன்னவர். இன்றைக்கு ஜனங்கள் ஃபோனைப் பார்க்கிறார்கள், நாம் அங்கே போகிறோம். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

குவைத்_தம்பி

அண்ணாச்சி, பார்க்கிற பக்கத்திலிருந்து ஒருவன் எழுதுகிறேன். ஊரில் காலை 8:30 ஆராதனை தொடங்கும்போது இங்கே 6 மணி. ஞாயிறு எங்களுக்கு வேலை நாள், கம்பெனி பஸ்ஸில் ஏறிக்கொண்டிருப்பேன். வெள்ளிக்கிழமை விடுமுறையில்தான் உட்கார்ந்து பார்க்கிறேன். அதனால் லைவைவிட பதிவுதான் எனக்கு முக்கியம். வீடியோவுக்குக் கீழே நேரக்குறிப்பு போடுங்கள்: 0:00 என்று தொடங்கி, பாட்டு எங்கே, வேதபாடம் எங்கே, பிரசங்கம் எங்கே என்று மூன்று குறிப்பாவது இருந்தால் யூடியூப் தானாகவே பகுதி பிரித்துக் காட்டும். நேராகப் பிரசங்கத்துக்குப் போய்விடுவேன்.

வெளியாட்களை எட்டுவது பற்றிக் கேட்டீர்கள். என் அறையில் கூட இருப்பவர் ராமநாதபுரம்காரர், கிறிஸ்தவர் இல்லை. முழு ஆராதனையை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. எங்கள் ஊர் அசனத்துக்கு (ஆலயத்தில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் விருந்து) முந்தின ராத்திரி ஆட்கள் பாயில் வட்டமாக உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்குவதை ஒரு பையன் எடுத்து ஷார்ட்ஸில் போட்டிருந்தான். அதை என் ஃபோனில் பார்த்துவிட்டு, "இது எதுக்கு, எல்லாருக்கும் சோறா, யார் வேணாலும் வரலாமா?" என்று கேட்டார். அன்று இரவு ரொம்ப நேரம் பேசினோம், பேச்சு எங்கெங்கோ போய் ஜெபத்தில் வந்து நின்றது. 2024 அக்டோபரிலிருந்து ஷார்ட்ஸ் மூன்று நிமிஷம் வரை போடலாம். ஒரு சாட்சி சொல்ல அது போதும். வாரத்துக்கு ஒன்று போடுங்கள், நாங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்கிறோம்.

ஞாயிறுபள்ளி_டீச்சர்

தம்பி சொன்னது சரி. ஆனால் எதைக் காட்டக் கூடாது என்பதையும் யோசியுங்கள். எங்கள் சபையில் ஜெபக் குறிப்பு வாசிக்கும்போது ஓர் அக்காவின் பெயரையும் வியாதியையும் சேர்த்துச் சொன்னார்கள், அது அப்படியே லைவில் போய்விட்டது. சென்னையில் படிக்கும் அவர் மகளுக்கு அதுவரை தெரியாது. வீடியோவில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். அந்தப் பிள்ளை அழுதுகொண்டே ஃபோன் செய்ததை இன்றும் மறக்க முடியவில்லை. ஜெப நேரத்தில் சத்தத்தை நிறுத்திவிடுங்கள். கேமரா பீடத்தைப் பார்க்கட்டும், பெஞ்சுகளை வேண்டாம். வீட்டில் சொல்லாமல் ஆலயத்துக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் முகம் ஒரு தடவை தெரிந்தாலே பெரிய பிரச்சினை ஆகிவிடும்.

விடுமுறை வேதாகமப் பள்ளிப் பிள்ளைகளை எடுக்க வேண்டுமென்றால் பெற்றோரிடம் கேளுங்கள். சிறுவர்களுக்கான வீடியோவாக இருந்தால் அப்படியே குறிக்க வேண்டும், அதில் கமெண்ட் வராது.

கமெண்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. ராத்திரி பதினொரு மணிக்கு யாரோ முன்பின் தெரியாதவர் "எங்கம்மாவுக்காக ஜெபிங்க" என்று எழுதுகிறார். எத்தனை சபை சேனல்களில் அது பதிலே இல்லாமல் கிடக்கிறது தெரியுமா? காணிக்கைக்கான கியூஆர் கோடு மட்டும் முதல் நிமிஷமே வந்துவிடுகிறது. எனக்கு இதில் ரொம்ப வருத்தம். பதில் எழுத ஒருவரை நியமித்துவிட்டு அப்புறம் சேனலை நடத்துங்கள்.

தேரிக்காட்டான்

எல்லோருக்கும் நன்றி. கமிட்டியில் பேசிவிட்டேன், கேமரா இல்லை, மைக்கும் சவுண்ட் கார்டும்தான். கமெண்டுகளைத் தினமும் பார்க்க ஐயருக்கு உதவியாக ஊழியம் செய்யும் உபதேசியார் ஒத்துக்கொண்டார். ஜெபக் குறிப்பு இனி வீடியோவில் வராது. அந்த "யாருக்காக" கேள்வி மனதில் இருந்ததால், இரண்டு வருஷமாகப் படுக்கையில் இருக்கும் ஒரு பெரியம்மாவைப் போய்ப் பார்த்தேன். பேரனின் ஃபோனைத் தலையணையில் சாய்த்து வைத்து ஒரு வாரம்கூட விடாமல் பார்க்கிறாராம். "வேற என்ன வேணும் பெரியம்மா?" என்று கேட்டேன். "நீங்க பாட்டுலருந்துதான் போடுறீங்க. மொத மணி அடிக்கும்போதே போடு ராசா, நானும் தலை சீவிட்டு உக்காந்துக்குவேன்" என்றார். வருகிற ஞாயிறு மணியிலிருந்தே பதிவு.